எடுத்துக் கொடுத்தவள்

1

அப்பாவின் நினைவு நாள் ஆனி மாதத்தில் வருகிறது. ஊரில் மேட்டூர்த் தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதம். இங்கே மெல்போர்னில் எலும்புக்குள் குளிர் இறங்குகிற மாதம். வருடம் தவறாமல் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: கொடியேற்றம், மாலை, உங்கள் குரலில் இரண்டு வார்த்தை. நானும் ஏதோ பேசி அனுப்புவேன். படங்கள் வந்ததும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த ஆனி வரைக்கும் சும்மா இருந்துவிடுவேன்.

இந்த வருடம் அது போதாது என்றுவிட்டார்கள். நினைவு மலர் போடுகிறார்களாம். நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். யோசிக்கிற சிரமம்கூட எனக்கு வைக்கவில்லை, தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "தலைவர் எடுத்த தெளிவான முடிவுகள்."

என் மகள் எழிலுக்குப் படித்துக் காட்டினேன். இங்கேயே பிறந்தவள், இருபத்தாறு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் பழைய வீட்டுச் சுவர் மாதிரி அங்கங்கே பெயர்ந்திருக்கும். கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"தாத்தாவோட முடிவு தெளிவா இருந்துச்சா? கடைசியில ரொம்ப கன்ஃப்யூஸ் ஆயிட்டாருன்னு நீதானே சொன்ன?"

அவளுக்கு முடிவு என்றால் சாவு. படம் முடிந்ததும் திரையில் போடுவார்களே, அந்த முடிவு. இன்னொரு அர்த்தமும் இருக்கிறதடி என்று திருத்த வாயெடுத்தேன். வரவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

அன்று மாலையே தொலைக்காட்சியில் கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பெரிய நாட்டின் தலைவரைக் காட்டினார்கள். பெயர் எதற்கு, இன்றைக்கு இவர், நாளைக்கு இன்னொருவர். வயதான மனிதர். மேடையில் பேசிக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். அடுத்த சொல் வரவில்லை. கண் மட்டும் கூட்டத்துக்குள் எதையோ தேடியது. பின்னாலிருந்து நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து அவர் முழங்கையை மெல்லத் தொட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார், வேறு எதையோ பேசினார், கூட்டம் கை தட்டியது. அப்புறம் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவருக்குப் புத்தி நிதானத்தில் இருக்கிறதா, இப்படிப்பட்டவர் போரையும் சமாதானத்தையும் முடிவு செய்யலாமா என்று ஒரு மணி நேரம் கத்தினார்கள்.

எழிலுக்குக் கோபம். "அவரைச் சுத்தி அத்தனை பேர் இருக்காங்களேம்மா, அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க? சரியான முட்டாளுங்க!"

எனக்குச் சுருக்கென்றது. நான் அந்தத் தலைவரைப் பார்க்கவே இல்லை. முழங்கையைத் தொட்டாளே, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முட்டாள் இல்லை. அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். ஒரு நாட்டுக்கு இல்லை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே நாலு மைலில் இருக்கும் ஒரு ஊராட்சிக்கு.

2

நான் நர்ஸ். தஞ்சாவூரில் படித்து, மஸ்கட்டில் ஒன்பது வருடம் மாடாக உழைத்து, இங்கே வந்து சேர்ந்தவள். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் மறதி நோய்ப் பிரிவில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்போம். இது என்ன வருடம், என்ன மாதம், எந்த ஊரில் இருக்கிறீர்கள், இந்த நாட்டின் பிரதமர் யார். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. தமிழ் ஆட்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

நம்மவர்களிடம் ஒரு தொல்லை. புருஷனிடம் கேள்வி கேட்டால் பெண்டாட்டி பதில் சொல்வார். அப்பாவிடம் கேட்டால் மகன் உதட்டை அசைப்பான். போன மாதம் பாபநாசம் பக்கத்து பாய் ஒருவர் வந்தார். ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மகனோடு இருக்க இங்கே வந்தவர். என்ன வருடம் பாய் என்று கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி, "ரெண்டாயிரத்தி... சொல்லுங்களேங்க, ரெண்டாயிரத்தி..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"எடுத்துக் கொடுக்காதீங்கம்மா. கொஞ்சம் வெளியில உக்காருங்க."

"அவருக்குத் தெரியும்மா. வாயில வரல, அவ்வளவுதான். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தா கடகடன்னு சொல்லிடுவாரு."

கையைப் பிடித்து அழைத்துப் போய் வெளியே உட்கார வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் அந்தம்மா. திரும்பி வந்து, இந்த நாட்டுக்குப் பிரதமர் யார் பாய் என்று கேட்டேன்.

"யாரா இருந்தா என்னம்மா? மேட்டூரைத் தொறந்துட்டானா, அதைச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த சின்ன வயது டாக்டர், என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஏதோ அணையைத் திறந்தார்களா என்று விசாரிக்கிறார் என்றேன். டாக்டர் சைபர் போட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவனுக்கு நூற்றுக்கு நூறு போடுவார்கள் என்று இவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

எடுத்துக் கொடுப்பது நம் ஊரில் மரியாதை. ஓதுவார் தேவாரத்தில் ஒரு அடி மறந்தால் பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துக் கொடுப்பார். கல்யாண வீட்டில் மாமனாருக்கு விருந்தாளியின் பெயர் வரவில்லையென்றால் மருமகள் காதோரம் எடுத்துக் கொடுப்பாள். பெரியவர்களைச் சபையில் திணற விடக்கூடாது, அவ்வளவுதான். இங்கே அது மோசடி.

இந்தத் தாளில் தோற்றால் கார் ஓட்ட விடமாட்டார்கள். வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதவும் முடியாது. நம் ஊர் உயிலிலும் சுயபுத்தியோடும் பூரண ஞாபகத்தோடும் எழுதி வைத்தது என்றுதானே ஆரம்பிக்கிறோம்? அரைக்காணி நிலத்துக்கு அந்த வாசகம் வேண்டும். நாட்டையே கையில் வைத்திருப்பவரிடம் இந்தத் தாளை நீட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். பிரதமர் யார் என்று நோயாளியைக் கேட்கிறோம். இது என்ன வருடம் என்று பிரதமரை யார் கேட்பது?

3

அப்பா பண்ணையாளாக இருந்தவர். இருபத்தைந்து வயது வரைக்கும் மேலத்தெருவில் நடக்கும்போது துண்டைத் தோளில் போட்டதில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடந்தார். பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தது. கூலிக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக அடி வாங்கினார், ஜெயிலுக்குப் போனார். கோட்டையில் ஆட்சி மாறியது, கொடி மாறியது, வயலில் மட்டும் அதே பண்ணை அதே ஆள் என்று பல வருடம் ஓடியது. ரொம்ப காலம் நடக்காமலிருந்த ஊராட்சித் தேர்தல் ஒரு வழியாக நடந்தபோது அப்பா தலைவரானார். எங்கள் தெருவிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். அன்றைக்கு எங்கள் தெருவில் அழாத ஆளில்லை. அதன் பிறகு அவருக்குப் பெயரே போய்விட்டது. ஊருக்கெல்லாம் தலைவர். அம்மாகூட, "தலைவர் சாப்ட்டுட்டாரு" என்றுதான் சொல்வார்.

அவருடைய சொத்து ஞாபகம்தான். புல எண்ணைச் சொன்னால் போதும். எத்தனை மா, யார் உழவு, வடக்கே யார், தெற்கே எந்த வாய்க்கால், எந்தப் பசலியில் கை மாறியது என்று மளமளவென்று வரும். பசலி என்பது நிலக் கணக்குக்கான வருடம். வருவாய்த்துறையில் இன்றைக்கும் அதில்தான் எழுதுவார்கள். பேச்சில் கடைசி இரண்டு எண்ணை மட்டும் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடம் போகாமல் சங்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற மனிதர் பசலியைத் தப்பில்லாமல் சொல்வதைக் கேட்டுத் தாசில்தார்களே எழுந்து நின்றிருக்கிறார்கள்.

அவர் தலைவராகி ஏழெட்டு மாதத்தில் அது ஆரம்பித்தது. நான் நர்சிங் முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காக வீட்டில் காத்திருந்தேன். ஒரு நாள் காலையில் காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "காப்பி இன்னும் வரலியா?" என்றார். இன்னொரு நாள் மனு கொடுக்க வந்த சொந்தச் சித்தப்பா மகனை, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். வந்தவர் தலைவர் கேலி செய்கிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் நானும் சிரிக்கவில்லை.

அம்மா படிக்காதவர். ஆனால் அந்த வாரத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். யார் வாசலில் தலை காட்டினாலும் உள்ளேயிருந்து சத்தமாக வரவேற்பார். "வாங்கண்ணே, ஓவர்சேரி காத்தமுத்தண்ணனா? பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தீங்களா?" வந்தவருக்கு உபசாரம், அப்பாவுக்குச் சேதி. ஆள் திண்டாடாமல், "வாங்க காத்தமுத்து" என்பார். அம்மாவின் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

என் பங்கு துண்டுச்சீட்டு. கூட்டத்துக்குக் கிளம்பும்போது, என்ன கூட்டம், யார் யார் வருகிறார்கள், என்ன பேச வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைப்பேன். கூடவே நானும் போவேன். அவர் திணறினால் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பேன். மகள் படித்தவள், அப்பாவுக்கு உதவியாக இருக்கிறாள் என்று ஊர் மெச்சியது. முழுப் பூசணிக்காயை இரண்டு பெண்கள் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

ஏன் மறைத்தோம்? எழில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்த அன்றே மேலத்தெருவில், "இவனுக்கெல்லாம் என்னய்யா தெரியும்?" என்று பேசிக்கொண்டார்கள். தலைவருக்குப் புத்தி தப்பிவிட்டது என்று எங்கள் வாயாலேயே சொன்னால், அவர்கள் சொன்னதுதான் நிஜம் என்றாகிவிடும். எத்தனை தலைமுறை காத்திருந்து ஏறிய நாற்காலி அது! அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே போதும் என்று நினைத்தோம். அவர் அங்கே உட்கார்ந்து என்ன முடிவு செய்கிறார் என்பதைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை.

4

அஞ்சலையக்கா எங்கள் தெருதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் மாரிமுத்து அதற்கு முந்தின வருடம் பாம்பு கடித்துச் செத்துப்போனார். பண்ணைக்குச் சொந்தமான அஞ்சு மா நிலத்தை, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, அவர்கள் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார்கள். பண்ணை ஒரு காலத்திலும் ரசீது கொடுத்ததில்லை. களத்தில் நெல்லை அளந்து கொடுத்தால் தீர்ந்தது. மாரிமுத்து போனதும் பண்ணையிலிருந்து ஆள் வந்து, அது எங்கள் சொந்த உழவு, நீ வெளியே போ என்றார்கள். அஞ்சலையக்கா தன்னைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. அந்த அஞ்சு மா போனால் அவருக்கு நாதியில்லை.

கிராமக் கணக்கில் பண்ணை பெயர்தான் இருந்தது. ஆகவே ஒரே சாட்சி ஊராட்சித் தலைவரின் வாய்ச்சொல். தலைவர் நம்மவர், எல்லா நிலமும் அவருக்கு மனப்பாடம், கவலையே வேண்டாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். விசாரணை தாலுகா ஆபீசில். "அஞ்சலை, மாரிமுத்து பெண்டாட்டி, குத்தகை உழவு, பத்துப் பசலியாக" என்று எழுதி நான் அப்பாவின் பையில் வைத்தேன். பஸ்ஸில் போகும்போது இரண்டு தரம் படித்தும் காட்டினேன். "தெரியும் பாப்பா, தெரியும்" என்றார். அன்று காலையில் நன்றாகத்தான் இருந்தார்.

தாசில்தார் மரியாதை தெரிந்தவர். அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், பக்கத்தில் என்னையும் உட்காரச் சொன்னார். எதிரே பண்ணையின் காரியக்காரர். கதவோரம் அஞ்சலையக்கா, இடுப்பில் பிள்ளையோடு.

"தலைவரே, இந்த அஞ்சு மாவும் நடப்புப் பசலியில யார் உழவுங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று சொன்னார். "பண்ணை உழவுதாங்க. வேற யாரு?"

காரியக்காரரே திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"பசலி சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எழுபத்தாறு."

எழுதிக்கொண்டிருந்த கிளார்க் சிரித்தார். "தொண்ணூத்தாறுங்க தலைவரே. இருபது வருஷம் பின்னால போயிட்டீங்களே!" தாசில்தாரும் சிரித்தார். எழுபத்தாறு, தொண்ணூற்றாறு, நாக்குப் புரண்டுவிட்டது, பெரியவர்களுக்கு இதெல்லாம் சகஜம். "தொண்ணூத்தாறுன்னு போட்டுக்கய்யா" என்றார்.

அப்பாவும், "ஆமா, ஆறு" என்றார்.

நாக்குப் புரளவில்லை. எழுபத்தாறாம் பசலியில் அது பண்ணை உழவுதான். அப்போது ஆட்சி மாறியிருக்கவில்லை, குத்தகையும் வந்திருக்கவில்லை. அப்பாவே அந்த வயலில் ஏர் ஓட்டியிருக்கிறார், எங்களுக்குக் கதை கதையாகச் சொன்னதுண்டு. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஊராட்சித் தலைவர் இல்லை, பண்ணையாள். தான் இருக்கும் வருடத்துக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். அந்த அறையில் எல்லோரும் மரியாதையாக அவர் சொன்ன வருடத்தைத் திருத்தினார்கள், பதிலை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அதுவரை எத்தனையோ கூட்டத்தில் எடுத்துக் கொடுத்தவள் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் பேசியிருந்தால், அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாற்பது குடும்பத்தின் மனைப்பட்டாவும் செல்லாமல் போயிருக்கும், அதனால்தான் பேசவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நியாயமெல்லாம் பிற்பாடு கட்டியது. அன்றைக்கு எனக்கு வெட்கம். காரியக்காரர் முன்னால் என் அப்பாவைப் பைத்தியம் என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். "படிக்கக் கேட்டேன், சரி" என்று அடியில் எழுதித் தாளை நகர்த்தினார்கள். அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் தடுமாறினார். நான் விரலை வைத்து, "இங்கப்பா" என்றேன். அந்த விசாரணையில் நான் எடுத்துக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

5

அஞ்சலையக்காவின் மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்வதென்றால் தலைவர் சொன்ன சாட்சி தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சங்கத்தில் யார் எழுதுவார்கள்? பூனைக்கு மணி கட்ட ஒருவரும் வரவில்லை.

அதைவிடக் கொடுமை அதற்கப்புறம் நடந்தது. தலைவர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றால் அதில் ஒரு காரணம் இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அஞ்சலை பண்ணையோடு ரகசியமாகச் சமாதானம் பேசியிருப்பாள், தலைவர் காதுக்கு வந்திருக்கும், அதனால்தான் நியாயத்தைச் சொல்லிவிட்டார் என்றார்கள். மூன்று மாதத்தில் எங்கள் தெருவில் அஞ்சலையக்காவோடு பேச ஆளில்லை. நாற்று நடக்கூடக் கூப்பிடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யத்துக்கு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டார். அவர் பஸ் ஏறப் போகும்போது நான் எங்கள் வாசலில்தான் நின்றேன். பார்த்ததும் உள்ளே போய்விட்டேன்.

அப்பா இன்னும் நாலு வருடம் இருந்தார், பதவியிலேயே செத்தார். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அத்தனை பேரும், "கடைசி மூச்சு வரைக்கும் தெளிவாக இருந்த தலைவர்" என்றார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பதுபோல இருந்தது. அடுத்த மாதமே நான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன்.

அதனால்தான் தொலைக்காட்சியில் அந்தத் தலைவரைப் பற்றிக் கத்துகிறவர்களை என்னால் கேட்க முடியவில்லை. அவர் எதை மறந்தார், எத்தனை தரம் மறந்தார் என்றே பேசுகிறார்கள். மறதி நோய். எனக்கும் வரலாம், உங்களுக்கும் வரலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கேவலம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலையில் அவருக்குச் சீட்டு எழுதுகிறவர் ஒருவர் இருப்பார், வந்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்கிறவர் ஒருவர் இருப்பார், அவர் உளறிய முடிவுக்கு ஒரு மகத்தான காரணம் கண்டுபிடிக்கிறவர் பத்து பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் பாசத்தோடுதான் செய்வார்கள். நம் ஊரில் தலைவர் நலமாக இருக்கிறார் என்ற அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மண்சோறு தின்றவர்கள் நாம். எங்கள் அப்பாவால் போனது அஞ்சு மா. ஒரு நாட்டின் தலைவர் நடப்பு வருடத்தில் இல்லையென்றால் என்னென்ன போகும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

6

நினைவு மலருக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நல்ல பிள்ளை, எங்கள் தெருவிலிருந்து படித்து வக்கீலானவர்.

"அக்கா, இதைப் போட முடியாதுங்க. தலைவர் பேரு கெட்டுப்போயிடும். நம்ம ஆளுங்களைப் பத்தி நாமளே இப்படி எழுதலாங்களா? மேலத்தெருக்காரங்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆயிடுமே!"

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் அம்மாவும் அன்றைக்கு நினைத்தது இதேதான். நான் கோபப்படவில்லை. வேறு எங்காவது போட்டுக்கொள்கிறேன் தம்பி என்றேன். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒருவரிடம் கேட்க வேண்டும். கேட்க எனக்கு ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

எண் கிடைத்தது. அஞ்சலையக்கா வேதாரண்யத்தில் பேத்தியோடு இருக்கிறார். பேத்தி பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். பேத்தி எடுத்து, "ஆத்தா, உனக்குத்தான்" என்று கொடுத்தது.

"அஞ்சலையக்கா, நான் தலைவர் மவ பேசுறேன்."

"பாப்பாவா? சீமைக்குப் போன பாப்பாவா?"

"ஆமாக்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரிலிருந்து, சீட்டிலிருந்து, எழுபத்தாறிலிருந்து. அப்பாவுக்குப் புத்தி தப்பியிருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன், உங்கள் நிலம் என்னால் போயிற்று என்று சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்க்கா."

"எனக்குத் தெரியும் பாப்பா. எழுபத்தாறுன்னு அவரு வாயில வந்துச்சு பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு. அந்த வருசம் அவரும் எங்க மாமனாரும் அந்த வயல்ல சோடியா ஏரு ஓட்டுனாங்க. மாமனாரு சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். மனுசன் அங்க போயி நிக்கிறாருன்னு தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சும் நீங்க ஏன்க்கா சொல்லல?"

"நான் சொன்னா, நெலத்துக்காகப் பொய் சொல்றாம்பாங்க. சங்கத்துல ஒருத்தன் சொன்னா, நாக்காலிக்கு அலையிறாம்பாங்க. பண்ணையில சொன்னா, திமிருல பேசுறான்னு நாமளே அருவாளத் தூக்குவோம். நீ சொன்னாத்தான் நம்புவாங்க. பெத்த மவ சொல்றா, அப்பன் மேல உள்ள உசுருல சொல்றான்னு. நான் அன்னைக்கு அவரப் பாக்கவே இல்ல பாப்பா. உன் வாயத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அப்புறம் அவரே கேட்டார். "இப்ப எதுக்குக் கூப்புட்ட?"

"இதையெல்லாம் எழுதி வச்சிருக்கேன். உங்க பேரப் போட்டு எழுதலாமான்னு கேக்கத்தான்."

"எழுது. தலைவரு மேல தப்பு இல்லன்னு எழுது. எங்களுக்காக போலீசுகிட்ட மண்ட ஒடஞ்சவரு அவரு. யாரு மேல தப்புன்னும் எழுது. என் பேரப் போடுறல்ல? அந்தத் தப்புக்கும் பேரப் போட்டு எழுது."

என் பெயர் மணிமொழி. அன்றைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்.